இலை பதித்த வாழ்த்து

அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன் எத்தனை பக்கங்களைப் பெயர்க்கிறானோ, அத்தனை முறை ரப்பர் முத்திரையையும் கையில் எடுக்கிறான். நான் பெயர்த்த ஒவ்வொரு தாளின் அடியிலும் ஊதா மையில் ஒரு நீள்சதுரம் விழுந்தால்தான் அது மெய்யான மொழிபெயர்ப்பு என்று பிறர் ஒப்புவர். ஆகவே முத்திரை என்றாலே எனக்குக் கோப்பின் நினைவு வருமேயன்றிக் கொண்டாட்டத்தின் நினைவு வந்ததில்லை. சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என் மகள் அந்த நினைப்பை மாற்றினாள். தெருவோரம் கிடந்த அரசிலை ஒன்றை எடுத்து வந்து, நான் தள்ளிவைத்திருந்த பழைய மைப்பெட்டியின் மேல் கவிழ்த்து ஒற்றி, வெள்ளை அட்டையொன்றில் பதித்தாள். அதன் பக்கத்தில், கடையில் வாங்கிய சிறு பறவை முத்திரை ஒன்றையும் குத்தினாள். ஊரிலுள்ள அத்தைக்குத் தீபாவளி வாழ்த்து என்றாள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது பலருக்கு ஆண்டுதோறும் வரும் வேலை. அக்டோபர் மாதத்தில் மேப்பிள், ஓக் முதலிய மரங்களின் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறத் தொடங்கியவுடன், அவற்றைப் பொறுக்கி வந்து, மையிட்டு அட்டையில் பதித்து, ரப்பர் முத்திரைகளால் சொற்களும் சிறு உருவங்களும் சேர்த்து, நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையன்று வரும் நன்றியறிதல் நாளை ஒட்டி உற்றாருக்கு அனுப்புவர். சமையலறை மேசையில் செய்யப்படும் இந்த எளிய கைவேலைக்குப் பின்னே கள்ள நோட்டும் தூக்குத் தண்டனையும், காப்புரிமைச் சண்டையும் ஒரு தற்கொலையும், பல் வைத்தியர்களின் கொதிகலமும் இருக்கின்றன என்பதை நான் பின்னர்தான் படித்தறிந்தேன். நம் சென்னைக்கும் மங்களூருக்கும் அதில் பங்குண்டு.

வரலாற்றுக்குள் நுழையுமுன் ஒரு சொல்லைப் பற்றிய என் தொழில்முறை வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய மொழிகளில் அந்தப் பருவத்துக்குள்ள பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘இலையுதிர் காலம்’ என்று எழுதிவிடுகிறோம். நம் முன்னோர் வகுத்த பெரும்பொழுது ஆறனுள் அப்படி ஒரு பொழுது கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் அவர்களுக்குக் கூதிர். தமிழ்நாட்டில் அப்போது வடகிழக்குப் பருவமழை கொட்டும். மரங்கள் கழுவித் துடைத்த பச்சையோடு நிற்கும். நம் வேம்பும் அரசும் இலை கொட்டுவது பனி கழிந்து வெயில் ஏறும் மாசி, பங்குனியில்தான். தில்லியிலும் ஏறக்குறைய அவ்வாறே. ஐப்பசியில் இலை சிவப்பதைக் காண வேண்டுமாயின் காஷ்மீரத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே சினார் மரத்தின் ஐவிரல் இலை செம்பொன்னாகிக் குவியும். காகிதக் கூழ்ப் பெட்டியிலும் சால்வையிலும் மரச் செதுக்கு வேலையிலும் அந்த இலையே திரும்பத் திரும்ப வரும். பச்சையம் சிதைந்து மறைய, அதுவரை அதனடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ பெரும்பாலும் அந்த வாரங்களில் இலை புதிதாக உண்டாக்குவது. ஆகவே ‘இலையுதிர் காலம்’ என்று எழுதும்போதெல்லாம், நமக்கில்லாத ஒரு பருவத்துக்கு நாம் பெயர் சூட்டுகிறோம் என்ற உறுத்தல் எனக்குண்டு.

இனி இலைக்கு வருவோம். இலையைக் கொண்டே இலையின் படத்தை எடுக்கும் வித்தை மிகப் பழையது. இத்தாலிய ஓவியரான லியோனார்டோ டாவின்சி ஏறத்தாழ 1508-ஆம் ஆண்டில் தம் குறிப்பேட்டில் ஒரு சேஜ் இலையைப் பதித்து, விளக்குக் கரியைக் கொண்டு இதனைச் செய்யும் முறையையும் பக்கத்தில் எழுதி வைத்தார். மூலிகை ஆராய்ந்த வைத்தியர்களுக்கு அது உதவியாயிற்று. ஓவியன் வரைந்தால் அவன் கண் கண்டதைத்தான் வரைவான். இலையே பதிந்தால் அதன் நரம்புகளில் ஒன்றும் தப்பாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானிய வைத்தியர் நிப்ஹோப் இம்முறையில் செடிகளை அச்சிட்டுப் பெரிய நூல்களாகவே வெளியிட்டார்.

இந்த விளையாட்டு நாட்டின் கஜானாவைக் காக்கும் ஆயுதமாக மாறியது பெஞ்சமின் பிராங்க்ளினால். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பிலடெல்பியா நகரத்தில் ஜோசப் பிரைன்ட்னால் என்றொரு வணிகர் இருந்தார். பிராங்க்ளினின் நண்பர் குழாத்தைச் சேர்ந்தவர். அவர்கள் 1731-இல் தொடங்கிய நூலகச் சங்கத்தின் முதற் செயலாளரும் அவரே. பச்சையிலைகளுக்கு மையிட்டு, மடித்த தாளுக்கிடையில் வைத்து அழுத்தி, நூற்றுக்கணக்கில் இலைப் பதிவுகள் எடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. அவற்றைப் பார்த்த பிராங்க்ளினுக்கு வேறொரு எண்ணம் தோன்றியது. அவர் அச்சுத் தொழில் செய்தவர். குடியேற்ற நாட்டு அரசுகளுக்குக் காகிதப் பணம் அச்சிடும் ஒப்பந்தம் பெற்றவர். செப்புத் தகட்டில் செதுக்கிய சித்திரம் எத்துணை நுட்பமாயினும் அதனை வேறொரு கைதேர்ந்த செதுக்குபவன் பார்த்துச் செதுக்கிவிடுவான். கள்ள நோட்டு அச்சிடுவோருக்கு மரண தண்டனை என்ற எச்சரிக்கை நோட்டின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் கள்ள நோட்டுகள் நின்றபாடில்லை. இலையின் நரம்போ நடுவில் தடித்து, ஓரத்துக்கு ஓட ஓட மெலிந்து, மயிரிழையாகி மறைவது. அதனை உளியால் பின்பற்ற மனிதக் கையால் ஆகாது. ஒரு மரத்தின் இரண்டு இலைகள்கூட ஒத்திருப்பதில்லையாதலால், வேறோர் இலையைப் பறித்து வந்து ஏமாற்றவும் இயலாது.

இலையை நேரே அச்சுப்பொறியில் வைத்தால் சில பதிவுகளுக்குள் நைந்துபோகும். நோட்டு ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆகவே இலையை உலோகமாக்க வேண்டியிருந்தது. ஈரத் துணியின் மேல் இலையைப் பரப்பி, இறுகாத சுண்ணச் சாந்தில் அழுத்தி வார்ப்பு எடுத்து, அதிலிருந்து அச்செழுத்து வார்க்கும் ஈயக் கலவையால் அச்சுக்கட்டை செய்தனர். 1730-களின் பிற்பகுதியில் தொடங்கிய இம்முறையில் 1739-ஆம் ஆண்டுப் பென்சில்வேனியா நோட்டும் அதன் பின் பல நோட்டுகளும் வெளிவந்தன. நோட்டின் பின்புறத்தில் இலையும், இலைக்குப் பின்னால் துணியின் இழைப் பின்னலும் தெரியும். விடுதலைப் போருக்காக 1775 முதல் வெளியிடப்பட்ட அமெரிக்கப் பணத்தின் பின்புறத்திலும் இலைகளே விளங்கின. பிராங்க்ளின் இந்த முறையை எங்கும் எழுதி வைக்கவில்லை. எரிக் நியூமன் என்ற நாணயவியல் அறிஞர் பழைய நோட்டுகளை நுணுகி ஆராய்ந்து 1964-இல் எழுதிய கட்டுரையால்தான் அது எவ்வாறு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது விளங்கிற்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓர் அச்சுக்கூடத்து இரகசியம் நிலைத்தது என்றால், இன்று காலையில் எழுதிய குறிப்பு மாலைக்குள் அலுவலகம் முழுதும் பரவிவிடும் காலத்தில் வாழும் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. இந்தப் பிராங்க்ளின்தான் 1737-இல் பிலடெல்பியாவின் தபால் அதிபராகவும் நியமிக்கப்பட்டார் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

அடுத்த நூற்றாண்டில் இதே வித்தை வியன்னா நகரத்து அரசாங்க அச்சகத்தில் பெருந்தொழிலாயிற்று. அதன் தலைவர் அலோய்ஸ் ஆவர், செடியை எஃகுத் தகட்டுக்கும் மெல்லிய ஈயத் தகட்டுக்கும் இடையே வைத்துப் பேரழுத்தத்தில் உருளைகளுக்கு நடுவே செலுத்தினார். மெல்லிய ஈயத்தில் செடி தன் உருவத்தை அப்படியே ஆழப் பதித்துவிடும். அதற்கு மின்முறையில் செம்புப் பிரதியெடுத்து அச்சிட்டார். 1852-இல் காப்புரிமையும் பெற்றார். அவருடைய அச்சகத்துக்கு வந்து தொழிலைக் கற்றுச் சென்ற ஹென்றி பிராட்பரி என்ற ஆங்கில இளைஞர், மறு ஆண்டே இங்கிலாந்தில் தம் பெயருக்கு ஒரு காப்புரிமை பெற்றுவிட்டார். ஆவர் கொதித்தெழுந்து, திருட்டு என்று அச்சிலேயே சாடினார். பிராட்பரியோ, டென்மார்க்கு நாட்டுப் பொற்கொல்லர் பீட்டர் கைல் என்பவர் 1833-லேயே இதனைக் கண்டறிந்துவிட்டார் என்று எடுத்துக்காட்டி, ஆவருக்கும் முதன்மை இல்லை என்று வாதாடினார். 1855-இல் பிராட்பரி அச்சிட்ட பிரிட்டானிய நாட்டுப் பெரணிகளின் நூல் அச்சுக்கலையின் அரிய சாதனைகளுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. அதில் ஒரு பெரணியின் தண்டைத் தடவினால் மேடு விரலில் படும். ஆனால் அவர் 1860-இல் இளவயதிலேயே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்றால், கற்ற இடத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டவர் பக்கம் என் மனம் சாய மறுக்கிறது; அவருடைய பெரணிகளைப் பார்த்துவிட்டால் கோபம் நிலைப்பதுமில்லை.

வியன்னாவின் உருளையும் ஈயமும் இல்லாமலேயே நம் நாட்டில் இது நடந்தது. 1857-ஆம் ஆண்டில், வடக்கே பெருங்கிளர்ச்சி எழுந்த அதே ஆண்டில், சென்னையில் ஹென்றி ஸ்மித் என்பவர் இயற்கைப் பதிப்பின் மாதிரிகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். ‘பதப்படுத்தாத செடிகளிலிருந்து’ எடுத்தவை என்று நூலின் தலைப்பே பேசுகிறது. உலர்த்தாமல், வார்ப்பு எடுக்காமல், பறித்த செடியை அப்படியே கொண்டு அச்சிட்டேன் என்ற பெருமிதம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஐந்தாண்டு கழித்து, 1862-இல், மங்களூர் பாசல் மிஷன் அச்சகத்தில் ஹன்சிகர் என்பவர் தென்னிந்தியச் செடிகளைப் பச்சையாகவே கொண்டு அவற்றின் இயல்பான நிறங்களில் பதித்து ஒரு தொகுதி வெளியிட்டார். ‘இயற்கையின் தன்பதிப்பு’ என்று அதன் பெயரை நாம் பெயர்க்கலாம். குண்டர்ட்டின் மலையாள அகராதியும் கிட்டலின் கன்னட அகராதியும் பிற்பாடு வெளிவந்தது இதே மங்களூரிலிருந்துதான். அகராதி தொகுப்போரும் இலை பதிப்போரும் ஒரே ஊரில் தொழில் செய்தனர் என்பதில் என் போன்றவனுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. நம் மொழியில் கடிதத்துக்கு ஓலை என்றும் மடல் என்றும் பெயர். நூலின் பக்கத்துக்கு ஏடு என்றும் இதழ் என்றும் பெயர். எல்லாம் செடிகொடியிலிருந்து வந்தவை. பல நூற்றாண்டுகள் நாம் இலையின் மேல் எழுதினோம். மங்களூரில் இலை தாளின் மேல் எழுதிற்று.

ரப்பர் முத்திரையின் வரலாறு இத்துணை நீளமானதன்று. ரப்பர்ப் பால் உறைந்தால் கோடையில் ஒட்டும், குளிரில் வெடிக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சுட்டால் இரண்டு குறையும் நீங்கும் என்பதை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். 1844-இல் காப்புரிமை பெற்றார். 1860-இல் கடனாளியாகவே இறந்தார். அதன் பின் 1860-களில், முத்திரைக்கு இந்த ரப்பரைப் பயன்படுத்தும் எண்ணம் அமெரிக்காவில் எழுந்தது. நியூயார்க் மாநிலத்து ஜேம்ஸ் உட்ரஃப் முதல்வர் என்பர் சிலர். இலினாய் மாநிலத்து விதரல் என்பவர் தாமே முதல்வர் என்றார். இங்கும் சண்டைதான். எப்படியாயினும் முதல் முத்திரைகளைச் சுட்டெடுக்கப் பயன்பட்டவை பல் வைத்தியர்களின் சிறு கொதிகலங்கள். பொய்ப்பல் பொருத்தும் ஈறுகளை அவர்கள் அப்போது கெட்டி ரப்பரால் செய்துவந்ததால், ரப்பரைச் சுடும் கலம் அவர்களிடந்தான் இருந்தது.

செய்முறையைப் பார்த்தபோது நான் வியந்தது இதுதான். அச்செழுத்துகளைக் கோத்து, சுண்ணச் சாந்தில் அழுத்தி அச்சு எடுத்து, அந்தப் பள்ளத்தில் ரப்பரை வைத்து அழுத்திச் சூடேற்றினர். அதாவது பிராங்க்ளினின் இலை எந்தச் சாந்தில் பதிந்ததோ, அதே வகைச் சாந்தில்தான் அலுவலக முத்திரையும் பிறந்தது. என் மகள் அட்டையில் அடுத்தடுத்துக் குத்திய இலையும் பறவையும் அந்த வகையில் உறவினர். ஆயினும் வேறுபாடு உண்டு. முத்திரைக்கு மதிப்பு, ஆயிரம் முறை குத்தினாலும் ஒன்றுபோல் விழுவதில். இலைக்கு மதிப்பு, அது மற்றோர் இலைபோல் விழாததில். என் முத்திரையைத் திருடி எவரும் என் பெயரால் ஒரு தாளை மெய்யாக்கிவிடலாம். அந்த அச்சம் காரணமாகவே அதைப் பூட்டி வைக்கிறோம். பிராங்க்ளின் மனித முத்திரையை நம்பாமல் இலையை நாடியதன் காரணம் அலுவலக மேசையில் உட்கார்ந்தவனுக்கு உடனே விளங்கும்.

முத்திரை கலைஞரின் கைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1919-ஐ ஒட்டி அலுவலக முத்திரைகளைக் குத்தியே சித்திரங்கள் செய்தார். பின்னர் அமெரிக்காவில் ரே ஜான்சன் முதலியோர் தபாலிலேயே கலைப்பொருள்களை அனுப்பிக்கொள்ளும் வழக்கத்தை வளர்த்தனர். அவற்றில் முத்திரைகள் தாராளமாக விழுந்தன. 1970-களுக்குப் பின் பூவும் பறவையும் இலையும் வெட்டிய முத்திரைகள் அங்கே வீட்டுக் கைவேலைக்காகவே விற்கத் தொடங்கின.

வாழ்த்து அட்டையைப் பற்றி ஓரிரு செய்திகள் போதும். இங்கிலாந்தில் 1840-இல் ஒரு பென்னித் தபால் ஏற்பட்டது. அதற்காக உழைத்த ஹென்றி கோல், 1843-இல் நண்பர்கள் அனைவருக்கும் தனித்தனிக் கடிதம் எழுத நேரமின்றி, ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு ஒரு படம் வரைவித்து ஆயிரம் பிரதி அச்சிட்டார். விலை ஒரு ஷில்லிங், ஏழைகள் வாங்கக்கூடியதன்று. அதில் குழந்தைக்கும் மது ஊட்டுவதாகப் படம் இருந்ததால் மதுவிலக்கு இயக்கத்தார் கண்டித்தனர். அமெரிக்காவில் 1870-களில் பாஸ்டன் நகரத்து லூயி பிராங் பல வண்ணக் கல்லச்சில் வாழ்த்து அட்டைகளைப் பெருக்கினார். அதற்கு முன்பே இலையுதிர் கால இலைகளை அட்டைத் தொகுதியாக அவர் அச்சிட்டிருந்தார். ஆக, அச்சிட்ட வாழ்த்தே நேரமில்லாதவன் கண்டறிந்த குறுக்கு வழி. கையால் செய்வோர் அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுக்கின்றனர்.

செய்து பார்க்க விரும்புவோருக்காக, எங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்கிறேன். இலை பச்சையாக இருக்கலாம். ஈரமாக இருத்தல் கூடாது. செய்தித்தாளுக்கிடையில் வைத்து, மேலே கனமான நூல் ஒன்றை ஏற்றி ஓரிரவு விட்டால் சுருக்கம் நீங்கும். நரம்பு புடைத்திருக்கும் அடிப்புறத்தை மைப்பெட்டியின் மேல் கவிழ்த்து, ஒரு வெறுந்தாளை மூடி விரலால் தடவ வேண்டும். பிறகு அட்டையின் மேல் வைத்து, மீண்டும் தாள் மூடி, அசையாமல் தடவிக் காம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். முதற்பதிவில் மை மிகுந்து கறையாக விழும். மீண்டும் மையிடாமல் எடுக்கும் இரண்டாம் பதிவே பெரும்பாலும் அழகியது. மாவிலை மங்கலமாயினும் எங்களுக்கு வாய்க்கவில்லை; வழவழப்பில் மை நிற்பதில்லை. அரசிலையும், வேம்பின் ரம்ப விளிம்பும் நன்கு விழுகின்றன. கடை முத்திரை இல்லாதவர்கள் பென்சில் அழிக்கும் ரப்பரில் பிளேடால் வெட்டிக்கொள்ளலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும். தமிழில் ‘ப’வும் ஆய்தமும் போலத் திருப்பினாலும் மாறாத எழுத்துகள் மிகச் சில என்பதை என் மகள் இரண்டு ரப்பர்களை வீணாக்கிய பின் கண்டறிந்தாள்.

உலர்ந்த இலையையே உறைக்குள் வைத்து அனுப்பலாமே என்று கேட்கக்கூடும். நாங்களும் ஒருமுறை அனுப்பினோம். தில்லியிலிருந்து சென்னைக்கு இரயிலில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதற்கப்பாலும் போய் ஊரில் உறையைப் பிரித்தபோது தூளாகக் கொட்டியதாம். பதிவுக்கு அந்தச் சேதம் இல்லை. நம்மவர் வெளிமாநிலங்களில் இருந்து ஊருக்குக் காட்ட விரும்புவது பெரும்பாலும் இத்தகைய சிறு பொருள்தான்: எங்கள் தெருவில் இன்ன மரம் நிற்கிறது, அதன் இலை இவ்வளவு பெரிது என்பது. அதனைச் சொல்லால் எழுதினால் என் தமக்கை போன்றவர்கள் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள்.

அந்த அட்டைக்குப் பதில் கார்த்திகை பிறந்த பிறகு வந்தது. அறுபது வயதைக் கடந்த என் தமக்கை மைப்பெட்டிக்கு எங்கே போவார்? அகல் விளக்கின் கரியைத் தட்டில் பிடித்து, நல்லெண்ணெயில் குழைத்து, குழந்தைகளுக்குக் கண்மை கூட்டுவதுபோல் கூட்டி, கொல்லைப்புறத்துப் பூவரசிலையில் தடவித் தபால் கார்டில் பதித்திருந்தார். லியோனார்டோவின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. இலைக்குக் கீழே, வீட்டில் அனைவரும் நலம், மழை நல்ல மழை என்று இரண்டு வரி. தபால் நிலையத்தாரின் வட்ட முத்திரை இலையின் காம்பின் மேல் விழுந்திருந்தது.